மேற்குச் சுவரின் ஒழுக்கம்

கரிசல் மண் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கதையில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, சர்க்கார் படிவம் எப்படி வேலை செய்கிறது என்பது. இரண்டையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கரிசல், வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். சித்திரை வைகாசியில் பாளம் பாளமாக வெடித்து, ஆட்டுக்குட்டி கால் விட்டால் முறித்துக்கொள்ளும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். ஐப்பசி மழை நாலு நாள் பெய்ததும் அதே மண் தண்ணீரைக் குடித்து ஊதி, வாயை மூடிக்கொள்ளும். மேலே எருக்கஞ்செடி நின்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. சுவர் நின்றால், அது வருஷத்துக்கு ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறும். செங்கல்லுக்கு அப்படி ஏறி இறங்கிப் பழக்கமில்லை. ஆகவே வெடிக்கும். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கொத்தனார்கள் இதனால்தான் கடைக்கால் தோண்டும்போது கரிசலைக் கடந்து, அடியில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கும் சுக்கான் தட்டுப்படும்வரை நிறுத்துவதில்லை. ஓலைக்குறிச்சியில் சுக்கான் ஆறடியில் இருக்கிறது.

1941இல் ஜில்லா போர்டு ஓலைக்குறிச்சிக்கு ஒரு பள்ளிக்கூடம் கொடுத்தது. வரைபடம் சென்னையிலிருந்து வந்தது. எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று அதன் மூலையிலேயே அச்சடித்திருந்தார்கள். அதில் கடைக்காலின் ஆழம் இரண்டரை அடி.

கட்டியவர் அய்யம்பெருமாள். அப்பன் காலம்வரை பிறர் நிலத்தில் ஏர் பிடித்த குடும்பம். இவர்தான் கரணை பிடித்துக் கொத்தனார் ஆனார். இரண்டரை அடியில் நிறுத்தச் சொன்னதும் குழியில் நின்றபடியே ஓவர்சியரை அண்ணாந்து பார்த்தார்.

"அய்யா, இது கரிசலுங்க. இதுல நிறுத்துனா சுவரு நிக்காது. இன்னும் மூணரை அடி போனா சுக்கான் வந்துடும்."

ஓவர்சியர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்.

"இதுல சுக்கான் போட்டிருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப இல்லை. மேல ஏறி வா."

சுவர்கள் எழும்பின. அவற்றில் மேற்குச் சுவர் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. கூரையின் பாரம் வடக்கு, தெற்குச் சுவர்களில் இறங்கிவிடும். மேற்குச் சுவர் கூரையின் முக்கோணத்தை அடைத்துக்கொண்டு, பதினாறு அடி உயரத்துக்குத் தன் பாரத்தை மட்டும் சுமந்து தனியாக நிற்கும். மேலே எதுவும் அழுத்திப் பிடிக்காத சுவர். பிற்பகல் வெயில் முழுக்க அதன் காலடியில்தான் விழும். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வருஷம் முடிவதற்குள், 1942 ஆனி மாதம், அந்தச் சுவரில் தலை முதல் கால்வரை ஒரு வெடிப்பு ஓடியது.

இனிப் படிவம்.

சர்க்கார் கட்டடத்தில் சேதம் ஏற்பட்டால் தலைமையாசிரியர் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் சேதத்துக்குக் காரணம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது, 'மண், மழை, இன்ன பிற'. அதில் கோடு போட்டால் இன்ஜினியரின் சான்று வேண்டும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் விளக்கம் எழுத வேண்டும். வரைபடத்தில் ஒப்பமிட்டவரும் விளக்கம் எழுத வேண்டும். இரண்டாவது கட்டம், 'மாணவர்'. அதற்குத் தலைமையாசிரியரின் கையெழுத்து மட்டும் போதும்.

தலைமையாசிரியர் சிவசுப்பிரமணியன் கெட்டவர் அல்ல. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைப்பவர். இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டார்.

இரண்டாவது கட்டத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி உண்டு: 'எடுக்கப்பட்ட நடவடிக்கை'. அதை வெறுமையாக விட முடியாது. எந்த மாணவர் என்ற கேள்வி எழுந்தது. சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தாம் என்பது தெளிவு. பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கிழக்கே சன்னல் காற்றில் உட்கார்ந்தார்கள். கூலிவேலைக்காரர் பிள்ளைகள் ஏழு பேர், வெயில் அனல் வீசும் மேற்குச் சுவரோரம். அந்த ஏழு பேரில் ஒருத்தி அய்யம்பெருமாளின் மகள் வீராயி. ஒன்பது வயது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதியவள்.

தண்டனையாக எத்தனை பிரம்படி என்பதற்கும் ஒரு முறை வேண்டும் அல்லவா? கொத்தனார் அளவில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். தினமும் காலையில் பியூன் வைரக்கண்ணு ஏணியில் ஏறி, வெடிப்பு எத்தனை நூல் அகலம் என்று அளந்து சொல்வான். ஒரு நூலுக்கு ஓர் அடி, தலைக்கு. அடிக்க வேண்டியவர் நாலாம் வகுப்பு ஆசிரியர் குழந்தைவேல்.

"மூணு நூல்" என்று வைரக்கண்ணு ஏணியில் இருந்து கூவுவான். ஏழு கைகள் நீளும். இருபத்தொரு அடி விழும். பிறகு வாய்ப்பாடு தொடங்கும்.

ஆவணியில் நாலு நூல் ஆயிற்று. புரட்டாசியில் ஐந்து. வெடிப்பு பிரம்பு நுழையும் அகலத்துக்கு வந்ததும், குழந்தைவேல் பிரம்பை அதிலேயே செருகி வைக்கலானார். எடுக்க வைக்க வசதியாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மண் உப்பியது, வெடிப்பு மூடியது. செருகி வைத்த பிரம்பைச் சுவர் கவ்விக்கொண்டது. வைரக்கண்ணு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தும் வரவில்லை.

சிவசுப்பிரமணியன் வந்து தாமும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு அறைக்குப் போய், 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' வரிக்குப் பக்கத்தில் எழுதினார்: 'பலன் அளித்தது.'

தை மாதம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். சுவரில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்ற பிரம்பைத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு பேசினார்.

"இது யுத்த காலம். சிமெண்டு கிடையாது. இரும்பு கிடையாது. ஆனால் பிரம்பு கிடைக்கிறது, பிள்ளைகளும் கிடைக்கிறார்கள். முப்பது வருஷமாக நான் பிரம்பை ஆதரித்து வந்திருக்கிறேன். அதனால் என்ன பயன் என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. இன்று பயனைக் கண்ணால் பார்த்தேன். இங்கே ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும்."

பிரம்பை யாரும் உருவக் கூடாது என்று உத்தரவாயிற்று. வகுப்புக்கு வேறு பிரம்பு வந்தது. அது கொஞ்சம் தடிமன்.

மாசியில் மண் மறுபடியும் காயத் தொடங்கியது. பழைய பிரம்பு தானாகக் கழன்று தரையில் விழுந்தது.

"ஒழுக்கம் தளர்ந்துவிட்டது" என்றார் சிவசுப்பிரமணியன்.

அந்த வருஷம் வெடிப்பு முன்பைவிட வேகமாக அகன்றது. ஒருமுறை வெடித்த சுவர் அடுத்த முறை அதே இடத்தில் எளிதாக வெடிக்கும். இது கரிசலில் வேலை செய்த எவருக்கும் தெரியும். தலைமையாசிரியர் வேறு மாதிரி யோசித்தார். குழந்தைவேல் மெதுவாக அடிக்கிறார் என்று கண்டுபிடித்தார். மெதுவாக அடித்த அடிகள் கணக்கில் சேரா என்றும், அத்தனையையும் ஆசிரியர் தம் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் விதி வந்தது. முதல் நாள் குழந்தைவேல் பதினொன்று வாங்கினார். மறுநாளில் இருந்து ஓங்கி அடித்தார். அமாவாசை என்ற பையனுக்குச் சுண்டுவிரல் ஒடிந்தது. அளவைக் குறைத்துச் சொன்னான் என்று வைரக்கண்ணுவை ஏணியில் வைத்தே அடித்தார்கள். விழுந்ததில் அவனுக்குத் தோள் இறங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் வகுப்பு முழுக்க நின்று பார்க்க, சுவருக்கே பன்னிரண்டு அடி கொடுத்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் காரை உதிர்ந்தது. உதிர்ந்த காரைக்கும் ஏழு பேர்தான் பொறுப்பு.

ஆடி மாதம் ஒருநாள் வீராயி சோற்றைப் பிசைய முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை வீங்கி விரல்கள் மடங்கவில்லை. அவள் அம்மா ரெங்கம்மாள் உருண்டை பிடித்து ஊட்டினாள்.

"எம் புள்ளைய இந்தச் சுவத்துக்கா பெத்துப் போட்டேன்?" என்றாள் புருஷனைப் பார்த்து. "நீங்க கட்டுன சுவருதானே அது?"

"நீ நாளையிலேருந்து போவாத கண்ணு" என்றார் அய்யம்பெருமாள்.

"போவாட்டி என் அடிய மத்த ஆறு பேருக்கும் பிரிச்சுக் குடுத்துருவாங்கப்பா. போன வாரம் கலியம்மாள் வரலைன்னு எனக்கு ஒண்ணு கூட வுழுந்துச்சு." சோற்றை விழுங்கிவிட்டு அவளே சொன்னாள்: "அதோட நாளைக்கு வகுத்தல் சொல்லித் தராங்க."

அய்யம்பெருமாளுக்கு அடி மட்டும் கவலையாக இல்லை. அவருக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் இருந்தது. இந்த மாதிரிச் சுவர், வெடிப்பு அகலும்போது விழாது. மழை வந்து மண் உப்பும்போதுதான் விழும். முதல் மழையில் சுவருக்கு வெளிப்புறத்து மண் மட்டும் நனையும். கூரைக்குள் இருக்கும் மண் காய்ந்தே கிடக்கும். வெளிப்பக்கம் உப்பிச் சுவரின் வெளி விளிம்பைத் தூக்கும். அப்போது சுவர் உள்ளே சாயும். உள்ளே ஏழு பிள்ளைகள். போன வருஷம் ஏதோ தப்பித்தது. இந்த வருஷம் வெடிப்பு எட்டு நூல்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போனார். மேசையில் இருந்து மூன்றடி தள்ளி நின்று எல்லாவற்றையும் சொன்னார். சிவசுப்பிரமணியன் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும் அய்யம்பெருமாள். நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா யோசிச்சுப் பாரு. மண்ணுனால வெடிச்சதுன்னு எழுதுனா பத்துப் பெரிய மனுஷங்க மேல குத்தம் வரும். புள்ளைங்களால வெடிச்சதுன்னு எழுதுனா யாரு மேலயும் குத்தம் வராது."

"புள்ளைங்க மேல வருதுங்களே?"

"அதத்தான் நானும் சொல்றேன். யாரு மேலயும் வராது."

"மழைக்கு முன்னாடி அந்தச் சுவத்த நானே இறக்கிடுறேங்க. கூலி ஒண்ணும் வேணாம்."

"சர்க்கார் சுவர் மேல கடப்பாரை வச்சா ஜெயில்டா. போன வருஷ ஆகஸ்டுலேருந்து தண்டவாளத்தப் பேத்தவனுக்கும் சுவத்தப் பேத்தவனுக்கும் ஒரே சட்டம்."

அன்று மாலையே தாலுகா போலீஸ்காரர் இரண்டு பேர் வந்து அய்யம்பெருமாளின் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார்கள். கேட்டதற்காக முதுகில் நாலு வைத்துவிட்டும் போனார்கள்.

கல்வெட்டு ஐப்பசியில் தயாரானது. இரண்டடிக்கு ஒன்றரை அடி, கருங்கல். 'ஒழுக்கமே அஸ்திவாரம்' என்று வெட்டி, மேற்குச் சுவரில் எட்டடி உயரத்தில் பதித்தார்கள். திறப்பு விழாவுக்கு முன் மூன்று நாள் மழை கொட்டியது. நாலாம் நாள் காலை வெளுத்தது.

அய்யம்பெருமாள் விடிந்ததும் போய்ச் சுவரைப் பார்த்தார். கீழே வெடிப்பு மூடியிருந்தது. மேலே ஒரு முஷ்டி அகலத்துக்குத் திறந்திருந்தது. கீழே மூடி மேலே திறந்தால் சுவர் சாயத் தொடங்கிவிட்டது என்று பொருள். காதை வைத்துக் கேட்டார். உள்ளே காரை மணல் மணலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரும் ஓவர்சியரும் வந்தார்கள். விழாவின் முக்கிய நிகழ்ச்சி நேரடி விளக்கம். ஏழு பிள்ளைகளும் சுவரோடு முதுகு ஒட்ட நின்று கை நீட்ட வேண்டும். மழைக்கு முன் அளந்த எட்டு நூலுக்கு எட்டு வீதம் ஐம்பத்தாறு அடி. சுவர் மூடுவதை இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வரிசையாகப் போய் நின்றார்கள். வீராயி கல்வெட்டுக்கு நேர் கீழே நின்றாள்.

அய்யம்பெருமாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அய்யா, ஒரு விண்ணப்பம். ஐம்பத்தாறையும் நானே வாங்கிக்கிறேன். புள்ளைங்கள வெளியில அனுப்பிடுங்க."

சிவசுப்பிரமணியன் முகம் சுளித்தார். "உனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சுவத்தப் பெத்தவன் நான்தானுங்களே. புள்ளை தப்பு செஞ்சா தகப்பனத்தானே கூப்புடுவீங்க?"

இன்ஸ்பெக்டருக்கு இது பிடித்திருந்தது. "தர்க்கம் சரியாக இருக்கிறது" என்றார். "மேலும் ஏழு சின்னக் கைகளைத் தொடர்ந்து கவனிப்பது கடினம். ஒரு பெரிய கை என்றால் பார்வையாளருக்கு வசதி."

ஏழு பேரும் வெளியே போனார்கள். வீராயி வாசலில் திரும்பிப் பார்த்தாள்.

"வேப்ப மரத்துக்கிட்ட போய் நில்லு. நான் கூப்புடாம உள்ள வராத" என்றார் அவள் அப்பா.

வீராயி நின்ற இடத்தில் போய் நின்று அய்யம்பெருமாள் இடது கையை நீட்டினார். வலது உள்ளங்கையைப் பின்னால் சுவரில் ஊன்றினார். அடி தாங்க ஊன்றுகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சுவர் அசைவதைத் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

குழந்தைவேல் அடித்தார். வைரக்கண்ணு எண்ணினான். பதினைந்தில் தோல் கிழிந்தது. இருபதில் ரத்தம் குழந்தைவேலின் சட்டையில் தெறித்தது.

"மூடுதா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கீழ மூடியிருக்குங்க" என்றான் வைரக்கண்ணு. அது உண்மைதான்.

முப்பதில் அய்யம்பெருமாள், "அய்யா, எல்லாரும் கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்றார். விழாவுக்கு யோசனை சொன்னதற்காக அந்த அடியை மறுபடியும் முப்பது என்று எண்ணச் சொன்னார் தலைமையாசிரியர். ஓவர்சியர் சுவரைத் தட்டிக் காட்டி, "இதே வரைபடத்தில் இந்த வருஷம் ஒன்பது பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறோம்" என்று இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தொன்று விழுந்தபோது வலது உள்ளங்கைக்குப் பின்னால் சுவர் முன்னே வந்தது.

"ஓடுங்க! வாத்தியாரே, ஓடுங்க!" என்று கத்தி, வலது கையால் குழந்தைவேலின் நெஞ்சில் ஓங்கி அறைந்து தள்ளினார். குழந்தைவேல் எட்டடி தள்ளிப் போய் விழுந்து, பக்கவாட்டில் உருண்டு தப்பினார். மற்றவர்கள் ஓடவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்திருக்காதபோது யாரும் எழுந்திருக்கக் கூடாது. இன்ஸ்பெக்டரோ வைரக்கண்ணு நாற்பத்திரண்டு என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்.

பதினாறு அடிச் சுவர் பதினாறு அடி தூரத்துக்கு விழுந்தது. ஓவர்சியர் அதே இடத்தில் செத்தார். வரைபடச் சுருள் கையில் இருந்தது. இன்ஸ்பெக்டருக்குத் தாடையும் நாலு விலா எலும்பும் போயின. சிவசுப்பிரமணியனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 'ஒழுக்கமே அஸ்திவாரம்' ஒரு கீறலும் இல்லாமல் முகம் மேலே பார்க்க விழுந்திருந்தது. அதன் அடியில், பக்கவாட்டில் பாய்ந்த அய்யம்பெருமாளின் இடது கை மணிக்கட்டுவரை கூழாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் அதையும் எடுத்தார்கள்.

வேப்ப மரத்தடியில் ஏழு பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா கூப்பிடாததால் வீராயி உள்ளே வரவில்லை. தூசி அடங்கும்வரை நின்று அழுதாள்.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. சேதத்துக்குக் காரணம், அதே இரண்டு கட்டங்கள். அந்த நேரத்தில் மாணவர்கள் வெளியே இருந்தார்கள் என்பது சிக்கலாக இருந்தது. கடைசியில், அடிகளைக் குறித்து வைக்கும் அடிப்புத்தகத்தில் விடை கிடைத்தது. விதித்தது ஐம்பத்தாறு, விழுந்தது நாற்பத்தொன்று. 'குறைந்த பதினைந்து அடியால் சுவருக்கு உரிய பலம் கிடைக்கவில்லை. உரியவர்களை வெளியேற்றி, தானே நின்று, முழுவதும் வாங்காமல் விட்ட கொத்தனாரே காரணம்' என்று அறிக்கை முடிந்தது. மீதிப் பதினைந்தும் தீரும்வரை அவர் மகளை வகுப்பில் சேர்க்கக் கூடாது. இடது கை இல்லாதபடியால் வலது கையில் வாங்கலாம் என்று சலுகையும் அளித்திருந்தார்கள்.

தை பிறந்ததும் வேறொரு கொத்தனாரை வைத்துச் சுவரை மறுபடியும் எழுப்பினார்கள். அதே வரைபடம், அதே இரண்டரை அடி. கல்வெட்டை அதே உயரத்தில் பதித்தார்கள். அதற்குக் கீழே தலைமையாசிரியரின் மேசையையும் நாற்காலியையும் போட்டார்கள். கட்டைக்காலோடு அவரால் வேறு இடத்துக்கு நடக்க முடியாது.

அய்யம்பெருமாள் வீராயியோடு வந்தார். வலது கையை நீட்டினார். குழந்தைவேல் பதினைந்தும் அடித்தார். மெதுவாக அடித்ததாக இந்த முறை தலைமையாசிரியர் சொல்லவில்லை. குழந்தைவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்ததால் சில அடிகள் மணிக்கட்டில் விழுந்து அதிகம் வலித்தன.

"முடிஞ்சுது. புள்ளைய உக்காரச் சொல்லு" என்றார் சிவசுப்பிரமணியன்.

அய்யம்பெருமாள் உட்காரச் சொல்லவில்லை. புதுச் சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து, குதிகாலுக்கு முன் விரல், விரலுக்கு முன் குதிகால் என்று அளந்து நடந்தார். அவர் பாதம் ஒவ்வொன்றும் முக்கால் அடிக்குக் கொஞ்சம் கூட. இருபத்திரண்டு பாதம் நடந்து, பதினாறு அடியைத் தாண்டி நின்று, மடியில் இருந்து ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையில் குறுக்கே கோடு கிழித்தார். வீங்கிய கையால் கிழித்ததால் கோடு கொஞ்சம் கோணலாக வந்தது. வீராயி தன் பலகையைத் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். மற்ற ஆறு பேரும் தங்கள் பலகைகளைத் தூக்கினார்கள். குழந்தைவேலும் தம் நாற்காலியைச் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"என்னடா இது கோடு?"

"புள்ளைங்க இதத் தாண்டிச் சுவத்துக்கிட்ட வராதுங்க அய்யா. இனிமே சுவத்துக்கு எது ஆனாலும் புள்ளைங்க மேல குத்தம் வராது பாருங்க."

சிவசுப்பிரமணியன் கோட்டைப் பார்த்தார். அதற்குப் பின்னால் ஒரே வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்த ஏழு பேரையும் பார்த்தார். அவருக்கு மனம் நிறைந்தது.

"இதுக்குப் பேருதான் ஒழுக்கம்" என்று சொல்லி, கல்வெட்டுக்குக் கீழே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

ஐப்பசிக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.